பொது மரபைச் சேர்ந்து காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் நிர்வாகக் குழு, பள்ளிவாசல் நிர்வாகம், சீனக் குலச் சங்கம், குடியிருப்பாளர் குழு என்று எங்கிருந்து வந்தாலும், பக்கத்துச் சமூகத்தோடு சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தையோ படத்தொகுப்பையோ பழக்கத்தையோ காக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது.

எங்கள் கோயில் எங்களுடையது. அதில் "பொது மரபு" எங்கிருந்து வந்தது?

சொத்து உங்களுடையதுதான். அதன் கதை உங்களுடையது மட்டுமல்ல. சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுந்தது. சில எட்டு தள்ளி இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் அதற்கு ஓராண்டு முன்னதாக, 1826-இல் தொடங்கியது. இரண்டையும் எழுப்பியவர்கள் தமிழ் பேசியவர்கள். ஆனால் பக்கவாட்டுத் தெருக்களின் பெயரைப் பாருங்கள்: மாஸ்க் ஸ்திரீட், பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட். பகோடா என்றது நம் கோபுரத்தைத்தான். சைனாடவுனில் வாழ்ந்த சீனக் குடும்பங்களின் முகவரி முழுக்க நம் வாசல்களின் பெயர் இருந்திருக்கிறது.

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இன்னும் நெருக்கம். நாகூர் தர்கா 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது. நம்மவர்கள் குச்சுப் பள்ளி என்றழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசலும், ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹொக் கெங் ஆலயமும் அதே தெருவில் இருக்கின்றன. அன்று அது கடற்கரை. கப்பலைவிட்டு இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொன்ன வாசல்கள் இவை. சாமி வேறு, நன்றி ஒன்று. மூல நாகூரிலும் இதே சங்கதிதான். அங்கே தர்காவின் மிக உயர்ந்த மினாரா, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்தது.

சிங்கப்பூரில் சமூகங்கள் பிரிந்தா கிடக்கின்றன? இங்கே இது எதற்கு?

இரண்டாகப் பிரிந்த சைப்ரஸ் தீவைப் போலப் பிரியவில்லை. ஆனால் 1964 ஜூலை கலவரத்தில் 23 பேரும், அதே ஆண்டு செப்டம்பரில் 13 பேரும் இறந்தார்கள். ஜூலை 21-ஐ இன நல்லிணக்க நாளாகப் பள்ளிகள் கடைப்பிடிப்பதும் அதனால்தான். இன்றைய சிக்கல் பகை அல்ல, பழக்கமின்மை. ஒரே புளோக்கில், ஒரே மின்தூக்கியில் 20 ஆண்டு பயணம் செய்தும் பக்கத்து வீட்டு ஈமச்சடங்கில் எங்கே நிற்பதென்று தெரியாத நிலை. அதற்குக் கண்காட்சியைவிடக் கைவேலை நல்ல மருந்து என்பது எங்கள் கணிப்பு.

பிளவுபட்ட இடங்களில் இது பலித்திருக்கிறதா?

ஓரளவு. எந்த அளவுக்கு என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

சைப்ரஸ் தீவு 1974 முதல் இரண்டாகக் கிடக்கிறது. வடக்கே கைவிடப்பட்ட கிரேக்கத் தேவாலயங்கள், தெற்கே கைவிடப்பட்ட துருக்கியப் பள்ளிவாசல்கள். 2008-இல் இரு தரப்பாரும் சமமாக அமரும் பண்பாட்டு மரபுக்கான தொழில்நுட்பக் குழு ஒன்று அமைந்தது. பெயரில் "தொழில்நுட்பம்" இருப்பதுதான் சூட்சுமம். தீவு யாருக்கு என்ற வழக்கு வேறு மேசையில் நடக்கட்டும், இங்கே கூரை ஒழுகுவதை மட்டும் பேசுவோம் என்ற ஏற்பாடு அது. வேலை இரண்டு பக்கமும் நடந்தது. கர்பாஸ் முனையிலுள்ள அப்போஸ்தலர் அந்திரேயா மடத்தின் பழுதுபார்ப்புக்கு சைப்ரஸ் திருச்சபையும், துருக்கிய சைப்ரியர்களின் வக்ஃபு நிறுவனமும் சேர்ந்து பணம் போட்டன. தீவு இன்றும் சேரவில்லை. குழு இன்றும் இருக்கிறது.

போஸ்னியாவின் மோஸ்தார் நகரம் தரும் பாடம் வேறு. 1566-இல் கட்டிய பாலம் 1993 நவம்பர் 9 அன்று பீரங்கியால் வீழ்ந்தது. அதே ஊர்க் கல்லால், பழைய முறையில் மறுபடி கட்டி 2004 ஜூலையில் திறந்தார்கள். மறு ஆண்டு யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. பிறகும் அந்த நகரத்தில் 2008-க்கும் 2020-க்கும் இடையே உள்ளாட்சித் தேர்தலே நடத்த முடியவில்லை. பாலத்தைக் கட்டிவிடலாம். அதன் மேல் நடக்கும் பழக்கத்தை ஒப்பந்தக்காரரிடம் விட முடியாது.

கட்டடமே இல்லாத வழியும் உண்டு. 2018-இல் வட, தென் கொரியாக்கள் தங்கள் பாரம்பரிய மல்யுத்தத்தை யுனெஸ்கோ பட்டியலில் கூட்டாகப் பதிந்தன. கெபாயா என்ற பெண்களின் மேலாடையை 2024-இல் சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து பதிந்தன. "யார் முதலில் உடுத்தியது" என்று தொடங்கியிருந்தால் விண்ணப்பத்தின் முதல் பக்கமே எழுதியிருக்க மாட்டார்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

சின்னதிலிருந்து. தொடக்கத்திலேயே கோபுரம் வேண்டாம். ஆறு மாதத்தில் முடியக்கூடிய, இரு தரப்புக்கும் கொஞ்சம் உரிமை உள்ள, எவருடைய வழிபாட்டையும் தொடாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெருவின் பழைய படங்கள், மறைந்த கம்போங்கின் (கிராமத்தின்) வரைபடம், கடைவீட்டின் பெயர்ப்பலகை, நன்கொடைக் கணக்குப் புத்தகம் எல்லாம் பொருந்தும். பழைய நன்கொடைப் புத்தகங்கள் பெரும்பாலும் பொக்கிஷம்தான். பிற சமூகத்தார் பெயர் அதில் ஒன்றிரண்டாவது தட்டுப்படும்.

கருவறை, தொழுகைக்கூடம், முன்னோர் பலகை மாடம் ஆகியவற்றை முதல் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அங்கே ஒவ்வொரு முடிவும் சமய முடிவு. பக்கத்து வீட்டார் கருத்துச் சொல்லக் கூசுவார்கள், கூட்டு வேலை பெயரளவில் நின்றுவிடும்.

குழுவை எப்படி அமைப்பது?

இரண்டு சமூகம் என்றால் தரப்புக்கு மூவர், ஆறு பேர் போதும். மூன்று சமூகம் என்றால் தரப்புக்கு இருவர். தலைவர் ஒருவர், துணைத் தலைவர் ஒருவர் என்று வைத்தால் முதல் நாளே ஒரு தரப்பு கீழே போய்விடும். இணைத் தலைவர்களாக வையுங்கள். வாக்கெடுப்பு வேண்டாம். எல்லாரும் ஒப்பாதது அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும். மெதுவாகத்தான் நகரும். வாக்கில் தோற்றவர் பெரும்பாலும் மறு கூட்டத்துக்கு வருவதில்லை.

மூன்று விஷயங்களை எழுத்தில் போட்டுவிட வேண்டும். அலமாரிச் சாவி யார் யார் கையில்? காசோலையில் யார் யார் கையெழுத்து? படமும் பதிவும் வெளியே போக யார் சம்மதம் வேண்டும்? மூன்றுக்கும் விடை "தரப்புக்கு ஒருவர்" என்றே இருக்கட்டும். கூட்டுத் திட்டங்கள் உடைவது கொள்கையால் அல்ல. சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போய்விட்டார், படம் கேட்காமலேயே ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டது என்ற காரணங்களால்தான்.

நடப்புக் குறிப்பை ஒவ்வொரு கூட்டத்திலும் மாறி மாறி எழுதுங்கள். யார் எழுதுகிறாரோ அவர் மறு தரப்பைக் கவனித்துக் கேட்டே ஆகவேண்டும்.

கூட்டத்தை எப்போது, எங்கே வைப்பது?

வெள்ளி நண்பகல், நோன்பு மாத மாலை, தீமிதிக்கு முந்தைய வாரங்கள், சீனர்களின் ஏழாம் மாதம் ஆகியவற்றைத் தவிருங்கள். முதல் கூட்டம் சமூக மன்றத்தில், பிறகு ஒவ்வொருவர் இடத்திலும். உணவு ஹலால் சைவம் என்றால் ஏறத்தாழ எல்லாரும் உண்பார்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத தட்டு ஒன்றையும் தனியே சொல்லிவையுங்கள், சீன பௌத்தர் சிலருக்கு அது வேண்டும்.

பழைய கட்டடத்தில் நாங்களே கை வைக்கலாமா?

முதலில் அதன் நிலையைப் பாருங்கள். தேசிய நினைவுச்சின்னம் என்றால், எந்த மாற்றத்துக்கும் தேசிய மரபுடைமைக் கழகத்தின் எழுத்துவழி அனுமதி வேண்டும். ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் தியான் ஹொக் கெங்கும் 1973-லும், நாகூர் தர்காவும் ஜாமிஆ சூலியாவும் 1974-லும் அந்தத் தகுதி பெற்றவை. பாதுகாக்கப்பட்ட கடைவீடு என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் போக வேண்டும். இரண்டும் இல்லை என்றால் உரிமையாளர் சம்மதமும் வழக்கமான கட்டட அனுமதிகளும் போதும். ஆணி அடிப்பது, குளிர்சாதனக் குழாய்க்குச் சுவரில் துளையிடுவது, சாயம் மாற்றுவது எல்லாமே "மாற்றம்" என்ற கணக்கில் வரலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தொண்டூழியர்கள் அனுமதி இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நிலைப் பதிவு. ஒவ்வொரு சுவரையும் நேர்முகமாக, அளவுகோலோடு படமெடுப்பது. விரிசலின் இரு முனைகளுக்கும் எதிரே அளவுகோல் வைத்துத் தேதியோடு பதிவது. ஓராண்டாவது, டிசம்பர்-ஜனவரி மழையையும் சேர்த்துக் கவனித்த பிறகே விரிசல் வளர்கிறதா, பழையதா என்று சொல்ல முடியும்.

சுவரில் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசினால் என்ன தப்பு?

மரபுக் கட்டடங்களில் நடக்கும் தவறுகளில் இதுதான் முதன்மை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

19-ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூர்ச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அது மூச்சு விடும். நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே காற்றில் போய்விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளும். சிமெண்ட் நன்றாகத்தான் இருக்கும், ஐந்தாறு ஆண்டில் செங்கல் மாவாகியிருக்கும். அக்ரிலிக் சாயமும் இதே கேட்டைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும்; கொப்புளம் கண்டால் புரிந்துகொள்ளுங்கள்.

எனவே முதல் வேலை பூச்சு அல்ல, தண்ணீரைத் தேடுவது. அடைத்த மழைநீர்க் குழாய், உடைந்த ஓடு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீர், பல முறை சாலை போட்டதில் உள்தளத்தைவிட உயர்ந்துவிட்ட நடைபாதை. காரணத்தை நிறுத்திவிட்டுச் சுவரைச் சில மாதம் உலரவிட வேண்டும். மேலே பூத்த வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

பூச்சுக்கு, குறைந்தது மூன்று மாதம் ஊறிய சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, உப்பில்லாத கூர்மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பூச்சையும் நனைத்த சாக்கால் சில நாள் மூடிவையுங்கள். வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், நேரடி மழை பட்டால் கரையும். மேலே சுண்ணாம்புச் சாயமோ கனிமச் சாயமோ அடிக்கலாம். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கவசமில்லாமல் எவரையும் பக்கத்தில் விடாதீர்கள்.

கோயில்களுக்குத் தனியாக ஒன்று. கும்பாபிஷேகம் வழக்கமாக 12 ஆண்டுக்கு ஒருமுறை. நாள் குறித்துவிட்டுப் பழுதுபார்க்கத் தொடங்கினால், சுவர் காயாமலே சாயம் ஏறும். சுவரைப் பார்த்துவிட்டு நாளைக் குறிப்பதே முறை.

இந்தச் சுண்ணாம்பே பொது மரபுக்கு நல்ல சாட்சி. 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய கைகள் இந்தியக் கைதிகளுடையவை. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த மதராஸ் சுண்ணாம்பு அதன் சுவரில் இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையோடு சேர்ந்து ஒரு சுண்ணாம்புப் பட்டறை நடத்த இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன?

பழைய படங்கள், கணக்குப் புத்தகங்களை எப்படி வைப்பது?

சிங்கப்பூரில் எதிரி ஈரப்பதம். 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். நம் ஊர்க் காற்று பெரும்பாலும் அதற்கு மேல்தான். புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் உலர் அலமாரியை வாங்கி 45 முதல் 50-இல் நிறுத்துங்கள். பகலில் குளிர்சாதனம் போட்டு இரவில் அணைக்கும் அறை, குளிர்சாதனமே இல்லாத அறையைவிடக் கெடுதல். ஏற்ற இறக்கத்தில் காகிதம் விரிந்து சுருங்கி உடையும்.

வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றை மறக்க வேண்டும். வெயிலில் காயவைக்காதீர்கள், மை வெளுக்கும். பாச்சை உருண்டை போடாதீர்கள். செலோடேப், லேமினேஷன் இரண்டும் மீளாத சேதம். ஒட்டும் பக்கமுள்ள பழைய ஆல்பங்களிலிருந்து படத்தை இழுத்துப் பிய்க்காமல், அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பூச்சி அரித்த புத்தகத்தை ஜிப் பையில் காற்று நீக்கிப் போட்டு, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழ் மூன்று வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் பையைத் திறக்கக்கூடாது, திறந்தால் வேர்க்கும். புகைப்படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் இப்படி உறையவைக்காதீர்கள்.

ஸ்கேன் செய்யும்போது எழுத்து ஆவணத்துக்கு 300 முதல் 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600. டிஃப் கோப்பைக் காப்பகத்துக்கும் ஜேபெக்கைப் பகிர்வதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்கவேண்டாம். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது பொதுவிதி. கூட்டுத் திட்டத்தில் இன்னொன்று: முழுத் தொகுப்பும் எல்லாத் தரப்பிடமும் இருக்கவேண்டும். "உங்களுக்கு வேண்டியதைக் கேளுங்கள், அனுப்புகிறோம்" என்று ஒரு தரப்பு சொல்லத் தொடங்கினால் மறு தரப்பு விருந்தாளி ஆகிவிடும்.

முதியவர்களின் நினைவுகளைப் பதிவது எப்படி?

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இதைச் செய்கிறது. அங்குள்ள தமிழ்ப் பதிவுகளைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு அமர்வு 60 முதல் 90 நிமிடம். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. கைத்தொலைபேசி இன்னொரு பதிவாக ஓடட்டும். கேட்பவர் இருவர், தரப்புக்கு ஒருவர். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சிட ஆறு மணி நேரமாவது பிடிக்கும், அதற்கும் ஆள் பாருங்கள். "பசாருக்குப் போயி", "கம்போங்ல" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். திருத்தி எழுதினால் சிங்கப்பூரே அதிலிருந்து போய்விடும்.

"அப்போதெல்லாம் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தீர்களா?" என்று கேட்டால் "ஆமாம், ரொம்ப ஒற்றுமை" என்ற விடைதான் வரும். அதற்குப் பதிலாக: தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்தீர்கள்? கல்யாணத்துக்கு நாற்காலி யார் கொடுத்தார்கள்? 1964 ஊரடங்கு இரவில் எங்கே படுத்தீர்கள்? பிள்ளைகளை யார் வீட்டில் விட்டீர்கள்?

சம்மதப் படிவம் அவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். வெளியிடலாம், பெயரில்லாமல் வெளியிடலாம், இத்தனை ஆண்டு மூடிவைக்கவேண்டும் என்று மூன்று தெரிவு. பேசி முடித்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். என்ன சொன்னோம் என்று தெரிந்தபின் தருவதே சம்மதம்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு தரப்பும் வேறு வேறு கதை சொன்னால்?

இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சமாதானக் கதையை நீங்கள் எழுதினால் இருவருமே அதை நம்பமாட்டார்கள். ஆண்டு, இடம், கட்டிய செலவு போன்ற ஆவணத்தில் உறுதிப்படுத்தக்கூடியவற்றைத் தனியாகவும், நினைவை நினைவென்றும் குறியுங்கள். கலவரக் காலக் குற்றச்சாட்டில் பெயர் வந்தால் அந்தப் பகுதியை மூடிவையுங்கள். பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருப்பார்கள்.

விளக்கப் பலகையில் எந்த மொழி முதலில்?

நான்கு மொழியும் ஒரே எழுத்தளவில், பக்கம் பக்கமாக. மேலே கீழே வைத்தால் வரிசை பற்றிய பேச்சு வரும். ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மூன்றாக மொழிபெயர்க்காமல், ஒவ்வொரு மொழியிலும் அந்தச் சமூகத்தார் எழுதட்டும். உண்மை விவரம் மட்டும் ஒத்துப்போனால் போதும்.

தமிழுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அச்சகத்தில் எழுத்துரு மாறிக் கொம்பு ஒருபுறம், எழுத்து ஒருபுறம் சிதறுவது நம் ஊரில் புதிதல்ல. எழுத்துகளை வடிவமாக மாற்றிய கோப்பைக் கொடுத்து, உண்மை அளவில் ஒரு தாளில் அச்சிட்டு, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கையெழுத்திட்ட பிறகே உலோகத்தில் பொறிக்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது?

தேசிய மரபுடைமைக் கழகத்தில் சமூகத் திட்டங்களுக்கான மானியங்களும், நினைவுச்சின்னங்களின் பழுதுபார்ப்புக்கான நிதியும் உண்டு. வரம்புகள் மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைப் படியுங்கள். மானியம் பெரும்பாலும் தவணையாகவே வரும் என்பதால் கையில் முன்பணம் வேண்டும். பழைய கட்டடம் என்றால் மதிப்பீட்டின் மேல் 15 முதல் 20 விழுக்காடு ஒதுக்குங்கள். பூச்சைப் பிரித்த பிறகுதான் உள்ளே கரையான் இருப்பது தெரியும். தொகை குறைவென்றாலும் எல்லாத் தரப்பும் ஏதாவது போடட்டும். ஒருவரே முழுச் செலவையும் ஏற்பது தாராளம்போலத் தெரியும், ஆனால் மற்றவர்களின் வாயை அது அடைத்துவிடும்.

ஒரு தரப்பு பாதியில் விலகினால்?

வேலையை நிறுத்துங்கள், ஆனால் பொருளைக் கெடவிடாதீர்கள். ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் போடுவது எவர் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதல்ல. அதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள். விலகியவரின் நாற்காலியில் அதே சமூகத்து இன்னொருவரை அவசரமாக உட்காரவைக்காதீர்கள். மூன்று மாதம் விட்டு, இணைத் தலைவர் நேரில் போய்ப் பார்க்கட்டும், வாட்ஸ்அப்பில் அல்ல.

நம்பிக்கை வளர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திறப்பு விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை எண்ணாதீர்கள். விழா முடிந்து ஓராண்டு கழித்து வேறு சிலவற்றைக் குறித்துப்பாருங்கள். குழு இன்னும் கூடுகிறதா? திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத உதவிக்கு, ஊர்வலத்தன்று வண்டி நிறுத்த இடத்துக்கோ நோன்புக் கஞ்சி காய்ச்சப் பெரிய அண்டாவுக்கோ, ஒருவரை ஒருவர் அழைக்கிறார்களா? கருத்து வேறுபாட்டைக் கூட்டத்திலேயே சொல்கிறார்களா, வெளியே போய்ச் சொல்கிறார்களா? அலமாரிச் சாவிகள் இன்னும் தரப்புக்கு ஒன்றாக இருக்கின்றனவா, அல்லது யாரிடம் இருக்கிறது என்றே கேட்காமல் யாரோ ஒருவரிடம் சேர்ந்துவிட்டதா? கடைசிக் கேள்விக்கு இரண்டாவது விடை வந்தால், அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், ஒரு தரப்பு ஆர்வமிழந்ததாகவும் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.